கோவைக் கல்லூரியை விட்டு ஊட்டிக்கு மாறலாமா? முதல் வருடம் முடிந்துவிட்டது

பனிமலைப்பெண்

கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அட்டி, அதாவது சின்ன மலைக் கிராமம்தான் எங்கள் ஊர். கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம் சி.ஏ. (கணினிப் பயன்பாடு) படிக்கிறேன், சுயநிதிப் பிரிவு. முதல் வருடப் பரீட்சை முடித்து இப்போது வீட்டில் இருக்கிறேன். முதல் செமஸ்டரில் அரியர் இல்லை. இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

வருடத்துக்குக் கல்லூரிக் கட்டணம் 52,000 ரூபாய். விடுதியும் மெஸ்ஸும் சேர்த்து 78,000. அப்புறம் ஊருக்கு வந்து போவது, ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் என்று போவது தனி.

வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. எல்லாமே அதில்தான். பச்சைத் தேயிலை விலை இந்த மாதம் போல அடுத்த மாதம் இருப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகினால் பறிக்க ஒன்றுமே இருக்காது. கல்லூரியில் இரண்டாம் தவணை கேட்பதும் சரியாக அப்போதுதான். போன முறை அம்மாவின் செயினை அடகு வைத்துக் கட்டினோம். செயின் இன்னும் திரும்பி வரவில்லை.

பாட்டிக்குத் தை மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்பா காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா பக்கத்து எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். தம்பி பிளஸ் டூ போகிறான், இன்ஜினியரிங்தான் என்று நிற்கிறான்.

"ஊட்டி கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கு மாறிடு, வீட்டுல இருந்தே போய் வரலாம்" என்கிறார் அப்பா. அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நடுவில் மாற முடியுமா? மாறினால் என்ன நஷ்டம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்_மணி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாறிவிடுங்கள். இன்னும் இரண்டு வருடத்துக்கு 2,60,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் பயிற்றுக் கட்டணமே கிடையாது, சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். இரண்டுமே பாரதியார் பல்கலைக்கழகப் பட்டம்தான். பி.காம் எங்கே படித்தாலும் பி.காம்தான்.

ஊட்டி_சீனியர்

நான் அங்கேதான் படித்தேன், அதனால் நல்லதையும் சொல்கிறேன், மற்றதையும் சொல்கிறேன்.

1955ல் தொடங்கிய கல்லூரி. அந்தக் காலத்துக் கோவைக் கலெக்டர் ஜான் சலிவன் ஊட்டியில் முதன்முதலில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. காட்டுயிர் உயிரியல் படிக்க வெளி மாவட்டத்திலிருந்தெல்லாம் வருவார்கள். பாடம் நடத்துவதில் எங்கள் துறையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் கோவைக் கல்லூரிகளுக்கு வருகிற மாதிரி மலை ஏறி வருவதில்லை. எங்கள் செட்டில் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் கீழே போய்த் தேடிக்கொண்டவர்கள்தான்.

இன்னொன்று. கோத்தகிரியிலிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டருக்குள்தான், அது சரி. உங்கள் அட்டியிலிருந்து கோத்தகிரிக்கு எப்படி? எனக்கு ஊர் கட்டபெட்டு பக்கம். மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நவம்பரில் ஐந்தரைக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். டார்ச் அடித்தால் பனியில் பட்டு வெளிச்சம் முகத்துக்கே திரும்பும். தேயிலைக்குள் காட்டுமாடு நின்றால் மூச்சு விடும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். அப்பா கம்பும் கையுமாக வந்து நிற்பார். அவருக்கு வர முடியாத நாட்களில் பஸ் ஸ்டாப் கடையிலேயே யாராவது வரும்வரை உட்கார்ந்திருப்பேன். மெஸ் பில்லை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

வகுப்பறை

முப்பது வருடம் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மாறுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள் அம்மா, வழிமுறையை மட்டும் நான் சொல்கிறேன். இதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாறுவதற்கு உரிய நேரம் மூன்றாம் செமஸ்டர் தொடக்கம். அங்கே இரண்டாம் வருடத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். முதல் வருடம் சேர்ந்து யாராவது விட்டுப்போனால்தான் இடம். இரண்டு முதல்வர்களிடமும் தடையில்லாச் சான்று வாங்கி, அதற்குப் பிறகு பல்கலைக்கழக அனுமதி வாங்க வேண்டும்.

"இரண்டும் பாரதியார்தான்" என்று மேலே ஒரு நண்பர் சொன்னார். பட்டம் கொடுப்பது பாரதியார். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது, தேர்வையும் தானே நடத்துகிறது. உங்கள் கல்லூரியில் வணிகச் சட்டம் இரண்டாம் செமஸ்டரில் இருக்கலாம், அங்கே நான்காவதில் இருக்கலாம். படித்ததையே மறுபடி படிப்பீர்கள், அங்கே மற்றவர்கள் முதல் வருடத்தில் முடித்த தாள் உங்களுக்குப் பாக்கி நிற்கும். அதை வழக்கமான தாள்களோடு கூடுதலாக எழுத வேண்டும். முக்கியப் பாடத்தை மட்டும் பார்க்காமல் நான்காம் பகுதித் தாள்களையும் (திறன், விருப்பத் தாள்கள்), அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் முடித்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாடப்பிரிவின் பெயர் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பி.காம் சி.ஏ. வேறு, பி.காம் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்க்கை அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் இப்போதுள்ள கல்லூரியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கவே வாங்காதீர்கள். அதை வாங்கிவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கூடலூர்க்காரன்

டி.சி. பற்றி சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் கீழே ஒரு கல்லூரியிலிருந்து விலகியபோது "மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு டி.சி. வாங்கிக்கொள்" என்றார்கள். வீடே ஆடிப்போனது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல் வெளியிட்ட அறிவிப்பை எடுத்துக்கொண்டு போனோம். படிக்கிற செமஸ்டருக்கோ வருடத்துக்கோ மட்டும்தான் கட்டணம் வாங்கலாம், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதைக் காட்டி எழுத்தில் பதில் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. விடுதியில் சேரும்போது கட்டிய காப்புத் தொகையையும் கேட்டு வாங்கினோம். நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

குன்னூர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு.

கண்ணு, உங்கள் செலவில் பெரிய பங்கு விடுதிதான், கல்லூரி இல்லை. 1,30,000ல் 78,000 தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும். அப்படியிருக்கக் கல்லூரியை மாற்றுவது பற்றியே ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம்?

கோவையில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளும் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளும் இருக்கின்றன. 2025ல் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு, உங்கள் கல்லூரி சுயநிதிப் பிரிவை ஏற்பார்களா என்றும் கேட்க வேண்டும். கல்லூரி திறக்கிற சமயம்தான் விண்ணப்பம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அந்தத் துறையின் பிரிவு இருக்கும், நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் "வாங்க பார்க்கலாம்" என்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று தவணைக் காலம். நீலகிரியில் இலை வரத்து நன்றாக இருப்பது ஏப்ரல் முதல் ஜூன், மறுபடி செப்டம்பர் முதல் நவம்பர். பனிக்காலத்தில் கட்டச் சொன்னால் தேயிலை வீட்டில் பணம் எங்கிருந்து வரும்? வருடக் கட்டணம் அதேதான், தேதிதான் உங்களை அடகுக் கடைக்கு அனுப்புகிறது. இரண்டாம் தவணையை அக்டோபர், நவம்பரில் பிரித்துக் கட்டுகிறோம் என்று முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காரணத்தைச் சொல்லி எழுதினால் ஒப்புக்கொள்கிற நிர்வாகங்கள் உண்டு. கோவைக்காரருக்கு உறைபனி என்றால் ஊட்டிப் படம்தான் ஞாபகத்துக்கு வரும், எனவே விளக்கமாகவே எழுதுங்கள்.

கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் கட்ட ஆரம்பிக்க வேண்டும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். மெஸ் பில்லுக்காகக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நெறியாளர்

"பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு செலவு" என்ற வகையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தால் எழுதுங்கள்.

பனிமலைப்பெண்

எல்லோருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில்.

எங்கள் அட்டிக்கு மினி பஸ் உண்டு, கடைசி பஸ் ஏழு மணிக்கு. மழைக்காலத்தில் வருமா வராதா என்பது டிரைவர் கையில். நான் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அதனால் அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. மாறினால் அது நின்றுவிடுமா?

விடுதியைத் தனியாகப் பார்க்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அங்கே எப்படி இருக்குமோ" என்கிறார். அவருக்குப் பணம் ஒரு பாதிக் கவலை. நான் வீட்டில் இருந்தால் பாட்டிக்கு ஆள் இருக்கும் என்பது மீதிப் பாதி. அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வகுப்பறை

புதுமைப் பெண் நிற்காது. உங்கள் விவரம் யு.எம்.ஐ.எஸ். என்ற அரசின் மாணவர் விவரத் தளத்தில் இப்போதைய கல்லூரியின் கீழ் இருக்கிறது. மாறினால் பழைய கல்லூரி விடுவிக்க வேண்டும், புதிய கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் சில மாதம் பணம் வராமல் போகலாம். அலுவலகத்தில் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி_சீனியர்

தங்கச்சி, கடைசியில் எழுதினீர்களே, அதைத்தான் நான் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஊட்டியில் முதல் பீரியடுக்கு நிற்க முடியும். திரும்பி வர ஆறு, ஆறரை. அம்மா கொழுந்து பறிக்கப் போய் வருகிற நேரமும் கிட்டத்தட்ட அதேதான். அப்படியென்றால் பாட்டி தனியாக இருக்கிற அந்தப் பகல் முழுக்க நீங்களும் வீட்டில் இல்லை. கல்லூரி மாறினால் பாட்டிக்கு ஆள் கிடைத்துவிடும் என்பது வெறும் நினைப்பு. நடக்கப்போவது என்னவென்றால், காலை ஐந்து மணிக்கு எழுந்து பாட்டியைக் குளிப்பாட்டுவதும் சாயந்திரம் வந்து சமைப்பதும் உங்கள் தலையில் விழும், படிப்பு ராத்திரி பத்து மணிக்கு மேல். நான் அப்படித்தான் படித்தேன். தம்பியை யாரும் அடுப்பங்கரைக்குக் கூப்பிடவில்லை.

அதற்காக மாற வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கட்ட முடியாமல் மாறுவது வேறு. பாட்டிக்காக மாறுவதாக இருந்தால் அது பாட்டிக்கு உதவாது.

மேட்டுப்பாளையம்_மணி

பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதை இப்படிப் பாரமாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் இருந்தால் ராத்திரியாவது கூட இருக்கலாம். அந்தப் பாட்டி கையில்தானே வளர்ந்திருப்பாள் பேத்தி!

ஊட்டி_சீனியர்

ராத்திரி அவர் அம்மாவும் அப்பாவும் வீட்டில்தான் இருக்கிறார்கள் அண்ணா. ஆள் இல்லாதது பகலில்.

அட்டி_செவிலி

நான் இதே மாவட்டத்தில் செவிலியர். கல்லூரி விஷயம் எனக்குத் தெரியாது, பாட்டி விஷயம் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021லிருந்து நடக்கும் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். பக்கவாதத்தில் முதல் சில மாதம்தான் கையும் காலும் நன்றாகத் திரும்பும் காலம், தள்ளிப் போடாதீர்கள். பகலில் ஒரே பக்கமாகப் படுக்க வைத்துவிட்டுப் போகக் கூடாது, படுக்கைப்புண் வந்துவிடும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க அக்கம்பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். சாப்பிடும்போது புரை ஏறுகிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் தனியாக விடவே கூடாது.

கூடலூர்க்காரன்

தம்பி பற்றி யாரும் பேசவில்லையே. அவனும் அரசுப் பள்ளியா? ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021ல் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். தம்பியின் செலவுக்குப் பயந்து அக்கா இடம் மாறுவதாக இருந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனிமலைப்பெண்

இல்லை அண்ணா. அவனை எட்டாவது வரை ஆங்கில மீடியத்தில் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்திருந்தார்கள். முடியாமல்தான் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். விசாரித்துவிட்டேன், வராது.

(என்னை ஆறாவதிலேயே அரசுப் பள்ளியில் போட்டது இப்போது எனக்கு 1000 ரூபாயாகத் திரும்புகிறது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.)

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் கடன் வாங்குவதானால் தம்பி படிப்புக்கு வாங்கட்டும். தொழிற்படிப்புக்குக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் வங்கியும் அதிகம் யோசிக்காது. உங்கள் இரண்டு வருடமும் அவனது நான்கு வருடமும் சந்திக்கிற காலம் எவ்வளவு என்று பாருங்கள். அவன் அடுத்த வருடம் சேருவான், அப்போது நீங்கள் மூன்றாம் வருடம். இரண்டு கட்டணமும் ஒன்றாக வருவது ஒரே ஒரு வருடம். அப்பா மனதில் அது நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

கொடைமலை_அப்பா

இங்கே கொடைக்கானலிலும் இதே கதைதான். என் மகள் மதுரையில் விடுதியில் இருக்கிறாள், அன்னை தெரசா பல்கலைக்கழகம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு என்று என் மனைவி தினமும் கேட்கிறார். ஐந்தாம் செமஸ்டரில் மாற முடியுமா?

நெறியாளர்

புது இழையில் கேளுங்கள் சார், பல்கலைக்கழகம் மாறுவது வேறு விஷயம். இரண்டும் கலந்தால் யாருக்கும் விளங்காது.

பனிமலைப்பெண்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஊட்டிக்கு அப்பாவும் வந்தார். அலுவலகத்தில் பொறுமையாகவே பேசினார்கள். இரண்டாம் வருடத்தில் காலியிடம் எத்தனை என்பது ரிசல்ட் வந்து கல்லூரி திறந்த பிறகுதான் தெரியுமாம், இப்போதே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம் என்றார்கள். பாடத்திட்டத்தை வாங்கி வந்து வகுப்பறை சார் சொன்ன மாதிரி தாள் தாளாக ஒப்பிட்டேன். முக்கியப் பாடத்தில் இரண்டு தாள் இடம் மாறி நிற்கின்றன, நான்காம் பகுதியில் ஒன்று இல்லவே இல்லை. திரும்பி வரும்போது நேரத்துக்குப் பஸ் கிடைக்கவில்லை. வீடு சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து "தினமும் இதா?" என்று மட்டும் கேட்டார்.

கோவைக் கல்லூரிக்கும் போனேன். தவணையை அக்டோபர், நவம்பரில் கட்டிக்கொள்ளலாம் என்று முதல்வர் வாயால் சொன்னார். அரசு விடுதி விண்ணப்பம் இன்னும் திறக்கவில்லை. சுயநிதிப் பிரிவு மாணவிகளும் அங்கே இருக்கிறார்கள் என்று என் வகுப்புத் தோழி விசாரித்துச் சொன்னாள். இடம் கிடைப்பது நிச்சயம் இல்லை.

பாட்டிக்கு இயன்முறை சிகிச்சையாளர் வந்து பார்த்துவிட்டார். பகலில் சின்னம்மா வந்து இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மா அவருக்கு வாரம் ஏதோ கொடுப்பதாகப் பேச்சு. சும்மா வரச் சொன்னால் நாலு நாள்தான் ஓடும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

வீட்டில் இப்போதைக்குப் பேசி வைத்திருப்பது இதுதான். அரசு விடுதி கிடைத்தால் கோவையிலேயே தொடர்வது. கிடைக்காவிட்டால் ஊட்டி. இன்னொரு வருடம் 78,000 என்பது எங்களால் முடியாது, அதில் அம்மாவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்பாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

ஒரு சந்தேகம். விடுதி முடிவு தெரிவதற்குள் ஊட்டியில் மாற்றத்துக்கான தேதி போய்விட்டால்?

வகுப்பறை

அதனால்தான் இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். மாற்றத்துக்கு விண்ணப்பித்ததால் இப்போதைய இடம் போய்விடாது, டி.சி. வாங்கினால்தான் போகும். உங்கள் கல்லூரியில் தடையில்லாச் சான்று கேட்கும்போது முதல்வரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் வேறு யார் மூலமாவது கேள்விப்படுவது நல்லதல்ல. ஐந்தாம் செமஸ்டருக்குத் தள்ளிப்போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்போது பாக்கித் தாள்கள் இன்னும் கூடிவிடும், எழுதி முடிக்க ஒரு வருடம்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

முதல்வர் வாயால் சொன்னது போதாது கண்ணு. உங்கள் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வையுங்கள். டிசம்பரில் வேறு ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கலாம்.

பனிமலைப்பெண்

சரி சார். திங்கட்கிழமை கோவை போகிறேன், கடிதத்துக்கு முத்திரையும் சான்றுக்கு விண்ணப்பமும் ஒன்றாக முடித்துக்கொள்கிறேன். விடுதி விஷயம் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.